அடி நிற்காத இசைத்தட்டு

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கோயில் கொடைகளில் கரகாட்டம் நடக்கும்போது நையாண்டி மேளத்தைக் கவனியுங்கள். நாதஸ்வரம் ஒரு பாட்டை முடித்து அடுத்ததற்குத் தாவும். தவிலும் பம்பையும் மட்டும் அடியை விடுவதில்லை. அடி நின்றால் ஆட்டக்காரரின் காலும் நின்றுவிடும். 1970களில் டிஸ்கோ நடனக் கூடங்களுக்காக வந்த ‘நான்-ஸ்டாப்’ இசைத்தட்டுகளின் சூட்சுமமும் இதுதான்.

அன்றைய பாட்டுகள் பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் ஆடியவர்கள் கலைந்துவிடுவார்கள். நியூயார்க் அருகே ஃபயர் ஐலண்டில் இதைப் பார்த்த டாம் மோல்டன் என்பவர், பாடல்களை அடுத்தடுத்து ஒட்டி 45 நிமிட டேப் ஒன்றைத் தயாரித்தார். 1975இல் பாடகி குளோரியா கெய்னரின் ‘நெவர் கேன் சே குட்பை’ ஆல்பத்தில், முதல் பக்கம் முழுவதும் மூன்று பாடல்களை இடைவெளியே இல்லாமல் இணைத்தார். ஏறத்தாழ 19 நிமிடம். அதற்குமேல் நீட்டினால் தட்டின் வரிப்பள்ளங்கள் நெருங்கி, அடித்தொனி மெலிந்துபோகும்.

பல பாடகர்களின் பாட்டுகளைத் தொகுக்கும்போதுதான் வேலை கடினம். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடி, அடுத்தது 124 அடி என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் அரை நிமிடத்தில் இரண்டு அடி விலகிவிடும். மெதுவான பாட்டின் வேகத்தைக் கூட்டினால் தாளம் சேரும். ஆனால் சுருதியும் கால் கட்டைக்குமேல் ஏறிவிடும். அதனால் குரலும் சுரமும் ஓய்ந்து, தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் பார்த்து இணைப்பார்கள்.

ஸ்டுடியோவில் இந்த வேலைக்குக் கருவி பிளேடுதான். நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில், 120 அடி வேகப் பாட்டின் ஓர் அடி 19 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, டிரம் அடி தொடங்கும் புள்ளியைக் காதால் பிடித்து, பென்சிலால் குறித்து, சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் கால் இடறும்.

இந்தியாவில் இந்த உத்திக்கு நல்ல களம் அமைத்தது நவராத்திரி. 1980களில் மும்பை இசையமைப்பாளர் பாப்லாவின் ‘டிஸ்கோ தாண்டியா’ ஆல்பங்கள், நவராத்திரியில் ஆடும் தாண்டியா கோலாட்டத்துக்கு எலெக்ட்ரானிக் தாளம் கொடுத்தன. நான்-ஸ்டாப் தாண்டியா தொகுப்புகள் இன்றும் வருகின்றன.

இப்போது கம்ப்யூட்டரே வேகத்தைப் பொருத்திவிடுகிறது, சுருதியும் மாறுவதில்லை. ஆனாலும் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்த அடியில் மாற்றுவது என்பதைக் காதுதான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை ஒரு நான்-ஸ்டாப் தொகுப்பைக் கேட்டால், பாட்டை விட்டுவிட்டு அடியை நான்கு நான்காக எண்ணிப் பாருங்கள். ஒட்டிய இடம் எது என்று பிடிபடாவிட்டால், தொகுத்தவர் கெட்டிக்காரர்.