புயல் வலுவிழக்கும் என்று எப்படி முன்கூட்டியே சொல்கிறார்கள்?



“புயல் கடலிலேயே வலுவிழந்தது” என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். கரையைத் தொடும் முன்பே அது ஏன் வலுவிழக்கிறது? அதை முன்னதாக எப்படிக் கணிக்கிறார்கள்? வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

புயலுக்குத் தீனி போடுவது வெதுவெதுப்பான கடல்தான். கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து மேகமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பமே புயலைச் சுழல வைக்கிறது. ஆகவே கணிப்பாளர் முக்கியமாக மூன்றைக் கவனிப்பார்.

1. கடல் வெப்பம்: மேற்பரப்பு நீர் ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தீனி குறையும். புயல் ஒரே இடத்தில் நின்றாலும் இதே கதைதான். அடியிலுள்ள குளிர்நீரை அதுவே மேலே கலக்கி விட்டுவிடும்.

2. மேல்காற்று: கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று வீசினால், நிமிர்ந்து நிற்க வேண்டிய புயல் சாய்ந்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் மேகங்கள் ஒரு பக்கம் ஒதுங்கி, சுழலின் மையம் மட்டும் தனியாகத் தெரியும்.

3. வறண்ட காற்று: இது உள்ளே புகுந்தால் மேகங்கள் கரையும்.

2013 டிசம்பரில் வங்கக் கடலில் வந்த மாதி புயலை எடுத்துக்கொள்ளுங்கள். மிகத் தீவிரமாக வளர்ந்து வடக்கே போனது. பிறகு மேல்காற்றின் தாக்கத்தாலும் குளிர்ந்த கடல்நீராலும் வலுவிழந்தது. உயரம் குறைந்த புயலைத் தாழ்நிலைக் காற்றே இழுத்துச் செல்லும். அதனால் அது தென்மேற்கே திரும்பி, டிசம்பர் 12 அன்று வேதாரண்யம் அருகே வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகக் கரையைக் கடந்தது. அப்படின்னா, வலு குறைவதைச் சரியாகக் கணிக்காவிட்டால் பாதையும் தப்பிவிடும்!

“வலுவிழந்தாச்சு, இனிமேல் கவலை இல்லை” என்று நினைக்கலாமா? கூடாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, அதிகம் நகராமல் நின்றது. காற்று குறைந்தது, மழையோ கொட்டித் தீர்த்தது. கடலூர் மாவட்டத்தில் வெள்ளம். சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள்ளும் தண்ணீர் தேங்கியது.

மாணவர்களே, இதை மனத்தில் வையுங்கள். இந்திய வானிலைத் துறையின் அளவுகோலில், காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டரை எட்டினால் அது புயல். அதற்குக் கீழே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்கும் கீழே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இந்தப் பெயர்கள் காற்றை அளக்கின்றன, மழையை அல்ல. ஆகவே கட்டுரையில் “புயல் வலுவிழந்தது, ஆபத்து நீங்கியது” என்று ஒரே மூச்சில் எழுதிவிடாதீர்கள். முதல் பாதி உண்மையாக இருக்கும்போதே இரண்டாம் பாதி பொய்யாகிவிடலாம்.