வங்கியும் பார்வையற்றோரும்

தம் உழைப்பால் ஈட்டிய பொருளைத் தாமே காத்துத் தாமே செலவிடும் உரிமை மக்கள் அனைவர்க்கும் உண்டு. அப்பொருளைக் காத்துத் தருவதற்கென அமைந்த நிலையமே வங்கி. அதன் வாயிலில் ஒருவரை வரவேற்று, மற்றொருவரைத் தயக்கத்துடன் நோக்குதல் முறையாகுமா? பார்வையற்றோர் பலர் நெடுங்காலம் இத்தயக்கத்துக்கு ஆளாகி வந்தனர்.

பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் திங்கள்தோறும் ஊதியம் பெறுகிறார் எனக் கொள்க. அவர் வங்கிக்குச் சென்று காசோலைப் புத்தகம் கேட்கிறார். அவருடைய கையொப்பம் மாறக்கூடும் என்றும், பிறர் அவரை ஏமாற்றக்கூடும் என்றும், ஆதலின் பார்வையுள்ள ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்குத் தொடங்குதலே நலம் என்றும் விடை கிடைக்கிறது. இவ்விடை பரிவுடையது போலத் தோன்றும். ஆனால், அதன் விளைவு யாது? தாம் ஈட்டிய பணத்தை எடுக்க அவர் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேர்கிறது. துணைக்கு வந்தவரே வஞ்சகராயின் அவரைக் காப்பவர் யார்? கண்ணுடையோரும் ஏமாற்றப்படுகின்றனர், அதன் பொருட்டு அவர்களுக்கு எவரும் காசோலையை மறுப்பதில்லை அன்றோ?

இந்நிலை மாறச் சட்டம் துணைநின்றது. இடர் நேரக்கூடும் என்னும் அச்சத்தைக் காட்டிப் பார்வையற்றோர்க்கு வங்கி வசதிகளை மறுத்தல் ஆகாது என, மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியத் தலைமை ஆணையர் 2005-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் ஆணையிட்டார். அதனைத் தழுவி, 2008-ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்திய ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு அறிவுரை விடுத்தது. காசோலை, பாதுகாப்புப் பெட்டகம், கடன், கடன் அட்டை ஆகியவற்றைப் பிறர்க்கு அளிப்பது போலவே பார்வையற்றோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது அவ்வறிவுரை. தம் பணத்தைத் தாமே ஆளும் உரிமை அவர்கட்கும் சமமாக உண்டு என்பதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில் உறுதி செய்துள்ளது.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது கைக்கும் எட்டுதல் வேண்டும். ஏ.டி.எம். என்னும் பணப்பொறியின் திரையைக் காண இயலாதவர், தம் இரகசிய எண்ணை அருகில் நிற்பவரிடம் கூற நேர்ந்தால், அந்த எண்ணில் இரகசியம் ஏது? இக்குறையைப் போக்க எழுந்தவையே பேசும் பணப்பொறிகள். 2014-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொட்டுப் புதிதாக நிறுவும் பொறிகள் அனைத்தும் பேசும் பொறிகளாகவும், பிரெயில் விசைகள் உடையனவாகவும் இருத்தல் வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. பொறியில் உள்ள துளையில் காதொலிக் கருவியைச் செருகினால், செய்ய வேண்டுவனவற்றை ஒரு குரல் வரிசையாகக் கூறும். எண் விசைகளின் நடுவில் உள்ள 5 என்னும் விசை மீது சிறு புள்ளி ஒன்று புடைத்து நிற்கும். அதனைத் தொட்டறிந்தவர் மற்ற எண்களின் இடத்தை எளிதில் உணர்வர்.

பெற்ற பணத்தை இனங்காணவும் வழி வேண்டும். புதிய வரிசைத் தாள்களில் 100 ரூபாய்த் தாளின் நீளம் 142 மில்லிமீட்டர். 200 ரூபாய்த் தாள் 146. 500 ரூபாய்த் தாள் 150. இச்சிறு வேறுபாட்டை விரலால் அறிதல் அரிது. ஆதலின் 100 ரூபாய்த் தாளில் முக்கோணமும், 500 ரூபாய்த் தாளில் வட்டமும் தொட்டறியுமாறு புடைப்பாக அச்சிடப்படுகின்றன. ஓரங்களில் முறையே நான்கும் ஐந்துமாகச் சாய்கோடுகளும் உள்ளன. தாள் கசங்கிப் பழையதானால் புடைப்புகள் தேய்ந்துவிடும். அந்நிலையில் உதவுவதற்காக, தாளின் மதிப்பைக் கைப்பேசி வழியே குரலாகக் கூறும் 'மணி' என்னும் செயலியை 2020-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்டது.

பார்வை முற்றும் இழவாது குன்றியவர்களும் உளர். பெரிய எழுத்தும், எழுத்துக்கும் பின்னணிக்கும் தெளிவான நிற வேறுபாடும், கண் கூசாத ஒளியும் இருப்பின் அவர்கள் தாமே படித்துக்கொள்வர்.

இன்று வங்கி கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. வழவழப்பான தொடுதிரையில் புள்ளியும் இல்லை, புடைப்பும் இல்லை. திரையில் உள்ளதைப் படித்துக் கூறும் மென்பொருள் உண்டு. ஆயினும் ஒரு பொத்தானுக்குப் பெயர் சூட்டப்படவில்லையேல் அம்மென்பொருளும் அதன் பயனைக் கூற இயலாது. கணக்குத் தொடங்க வருபவர் உயிருள்ள மனிதரே என்று உறுதிசெய்யக் கண் சிமிட்டச் சொல்லும் முறையும் வழக்கில் வந்தது. பார்வையற்றோரும், அமிலத் தாக்குதலால் கண்ணும் முகமும் சிதைந்தோரும் இதனால் தடையுற்று உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அது மொழிந்தது. கண் சிமிட்டுதலுக்கு மாற்று வழிகள் காணுமாறும் பணித்தது.

சட்டமும் பொறியும் செய்வன ஒருபுறம் இருக்க, மக்கள் செய்யத் தக்கனவும் உள. பார்வையற்ற ஒருவர் துணையுடன் கடைக்கு வந்தால், துணைவரிடம் பேசாது அவரிடமே பேசுதல் வேண்டும். மீதிப் பணம் தருங்கால் ஒவ்வொரு தாளின் மதிப்பையும் சொல்லித் தருதல் வேண்டும். உதவி வேண்டுமா என்று கேட்ட பின்னரே கை கொடுத்தல் வேண்டும். நாளை வங்கி அலுவலராகவும் வணிகராகவும் பொறி அமைப்போராகவும் விளங்கப்போகும் மாணவர்கள் இவற்றை இன்றே பழகிக்கொள்வாராக. அவர்தம் கடைக்கும் அலுவலகத்துக்கும் வரும் பார்வையற்றோர், பிறர் தயவை நாடாது தம் காரியத்தைத் தாமே முடித்துத் திரும்புவர்.