நிற்கப்போகும் கார் ஏன் முன்னால் தள்ளுகிறது?

சிக்னலில் சிவப்பு விழுகிறது. பிரேக்கை மெல்ல மிதிக்க, வேகம் குறைகிறது. நிற்பதற்குக் கடைசி இரண்டு அடி இருக்கும்போது வண்டி ஒரு உதறு உதறி, முன்னால் தள்ளிவிட்டு நிற்கிறது. 'பிரேக் பேட் போயிருக்கும்' என்பார் ஒருவர். 'கியர் பாக்ஸ்தான்' என்பார் இன்னொருவர். இரண்டையும் பிரித்துப் பார்த்துப் பணத்தைக் கொட்டிய பிறகும் உதறல் போகாத கார்கள் உண்டு. காரணம், இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக், பிராபெல்லர் ஷாஃப்ட் என நான்கில் எதில் கோளாறு வந்தாலும் இதே அறிகுறி தெரியும்.

எது என்று கண்டுபிடிக்க முதல் சோதனை எளிது. ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தில் போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு பிரேக் பிடிக்க வேண்டும். உதறல் மறைந்துவிட்டால், தள்ளுவது இன்ஜின் அல்லது கியர் பாக்ஸ். அப்படியே இருந்தால் பிரேக்கையும் ஷாஃப்டையும் பார்க்க வேண்டும்.

இன்ஜின் என்றால், கண்ணை ஆர்.பி.எம். முள்ளில் வைக்க வேண்டும். சூடான பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 700 முதல் 900-க்குள் ஐடிலிங்கில் நிற்கும். முள் 1,200-லேயே தொங்கினால், ஆட்டோமேட்டிக் கார் பிரேக்கை எதிர்த்துத் தள்ளும். த்ராட்டில் பாடியில் படிந்த கரி, எங்கோ கிழிந்திருக்கும் வேக்குவம் ஹோஸ் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். ஏ.சி. போட்டால் மட்டும் தள்ளுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது இயல்பு. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால், சின்ன அசைவுகூட பெரிய இடியாகக் கேபினுக்குள் வரும்.

கியர் பாக்ஸில் கதை வேறு. ஆட்டோமேட்டிக் வண்டி நிற்பதற்குச் சற்று முன் இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இறங்கும். ஆயில் பழசாகியிருந்தாலோ அளவு குறைந்திருந்தாலோ அந்த இறக்கம் முரட்டுத்தனமாக இருக்கும். 2014-ல் மாருதி செலிரியோ மூலம் இந்தியாவில் அறிமுகமான ஏ.எம்.டி.யில், உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துவதும் கியரை மாற்றுவதும் மட்டும் நமக்குப் பதில் கம்ப்யூட்டர். கிளட்ச் பிளேட் தேயத் தேய, அது பிடிக்கும் இடம் நகரும். கம்ப்யூட்டரின் கணக்கு பழையதாகவே இருந்தால், நிற்கும் நேரத்தில் கிளட்ச் தாமதமாக விடுபட்டு வண்டி உதறும். ஸ்கேனரை மாட்டி அந்த இடத்தைப் புதிதாகப் பதியவைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

வண்டி நின்ற பிறகு, யாரோ பின்னால் வந்து லேசாக இடித்ததுபோல 'டொக்'கென்று ஒரு தள்ளு வருகிறதா? இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ, பொலேரோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது, கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராபெல்லர் ஷாஃப்ட். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் எழும். நின்றதும் பின்பக்கம் கீழே அமரும். அதற்கேற்ப ஷாஃப்டின் நீளம் மாற வேண்டும். அதற்காகவே பல் வெட்டிய இரு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும்படி அமைந்திருக்கின்றன. அங்கே கிரீஸ் காய்ந்துவிட்டால், துண்டுகள் ஒரு நொடி ஒட்டி நின்று, பிறகு சட்டென விடுபடும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டியில் கிரீஸ் கன்னால் நாலு அடி அடித்தால் முடிகிற வேலை இது. இதைத் தெரியாமல் கியர் பாக்ஸை இறக்குவது வீண் செலவு.

அலட்சியம் காட்டக் கூடாதது பிரேக்தான். காய்ந்த சாலையில், நிற்கும் தறுவாயில் பெடல் காலடியில் துடித்து, பிரேக் ஒரு கணம் விட்டுப்போனதுபோல வண்டி முன்னால் ஓடினால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் சக்கர சென்சார் துருவாலோ அழுக்காலோ தப்பான தகவல் அனுப்புகிறது என்று சந்தேகிக்கலாம். அந்த வண்டியை அன்றே ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும்.

மெக்கானிக்கிடம் 'ஜெர்க் அடிக்குது' என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இன்ஜின் சூடாக இருந்தபோதா, ஏ.சி. ஓடியதா, நிற்பதற்கு முன்பா பின்பா, நியூட்ரலிலும் வந்ததா என்ற நான்கையும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டியும் காட்டுங்கள். பாகங்களை மாற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.