சுவர் வேறு, அளவு ஒன்று

ஆட்டு இதயத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். ஒன்று வட்டமாக, கெட்டியான சதைச் சுவரோடு இருக்கும். மற்றது பிறை வடிவில், மெல்லிய சுவரோடு அதை ஒட்டிக் கிடக்கும். வட்டமானது இடது கீழறை. பிறை, வலது கீழறை. நம் இதயத்திலும் இதே அமைப்புதான். இடது கீழறையின் சுவர் சுமார் 1 செ.மீ. தடிமன்; வலதுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

மேலறைகளுக்கு வேலை குறைவு. வந்து சேரும் ரத்தத்தை வாங்கிக் கீழே இறக்கினால் போதும். அதை வெளியே தள்ளும் பாடு கீழறைகளுடையது. வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள ரத்தக்குழாய்கள் எளிதில் விரிந்துகொடுப்பதால் 25 மி.மீ. பாதரச அழுத்தமே போதும். இடது கீழறையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்பியாக வேண்டும். அதற்குச் சுமார் 120 தேவை. பி.பி. பார்க்கும்போது சொல்லப்படும் மேல் எண் இதுதான். ஈரத்துணியைப் பிழிவதுபோல, இடது கீழறை சற்று முறுக்கிக்கொண்டே சுருங்குகிறது.

பலம் இப்படி வேறுபட்டாலும், இரண்டும் தள்ளும் ரத்தத்தின் அளவு ஒன்றே: ஓய்வாக இருக்கையில் துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் 1 மி.லி. கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்தில் 4 லிட்டருக்கு மேல் நுரையீரலில் தேங்கிவிடும். உடம்பின் மொத்த ரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான்! அப்படி ஆகாமல் காப்பது இதயத் தசையின் இயல்பு. கூடுதல் ரத்தம் வந்து சுவர் இழுபட்டால், அடுத்த துடிப்பில் அது கூடுதல் விசையோடு சுருங்கும். இதை ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதி என்பார்கள்.

இந்தச் சமநிலை குலைவதை நோயின் அறிகுறிகளே காட்டிக்கொடுக்கும். இடது தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து, படுத்தாலே மூச்சு வாங்கும். வலது தளர்ந்தால் கால் வீங்கும்.

எக்கோ அறிக்கையில் ‘இ.எஃப். 60%’ என்று பார்த்ததும், இதயம் பாதிக்குமேல்தான் வேலை செய்கிறது என்று பலர் கலங்கிப்போகிறார்கள். இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கு அது. 120 மி.லி. நிரம்பி 70 மி.லி. வெளியேறினால் 58%. ஆரோக்கியமான இதயமும் தன்னை முழுக்கக் காலி செய்வதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்புதான். 40-க்குக் கீழே இறங்கினால்தான் இடது கீழறை நன்றாகத் தளர்ந்துவிட்டது என்று பொருள்.