சுவிட்சும் சுருதியும்

சின்தசைசர் என்பது மின்சாரத்தைக் கொண்டு இசையொலியை உண்டாக்கும் கருவியாகும். அதில் மாடுலர் என்றொரு வகை உண்டு. ஒலியைப் பிறப்பிப்பது ஒரு பகுதி. அதன் நயத்தை மாற்றுவது மற்றொரு பகுதி. உரப்பையும் மென்மையையும் ஆள்வது வேறொரு பகுதி. வாசிப்பவர் இவற்றைக் கம்பிகளால் தம் விருப்பம்போல் இணைத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு ராபர்ட் மூக் என்னும் பொறியியலாளர், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளருடன் கூடி, இத்தகைய கருவியின் முன்மாதிரி ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவரும் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தார். ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் 1995-இல் யூரோராக் என்னும் அளவுமுறையை வகுத்தார். அதன் பின்னர், இப்பகுதிகளைத் தம் கையாலேயே செய்து பார்ப்போர் பல நாடுகளிலும் பெருகினர்.

அவ்வாறு செய்யப் புகும் மாணவர் முதலில் மலைத்து நிற்பது உறுப்புகளை வாங்கும்போதுதான். ஒரே பெயருள்ள சுவிட்ச் பல விலைகளில் கிடைக்கிறது. விலை கூடியதே நல்லது என்று சிலர் கருதுவர். எல்லாம் ஒன்றே என்று சிலர் கருதுவர். இரண்டும் பொருந்தா என்பது என் கருத்து. இவ்வுறுப்பின் வழியே செல்வது எது, அது எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று கேட்பதே முறை.

சுவிட்சையே எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆம்பியர் தாங்கும் என்று பொறித்த சுவிட்ச் வலிமையானதாகத் தோன்றும். ஆனால் நம் கருவியில் ஐந்து வோல்ட் மின்னழுத்தம் ஒரு லட்சம் ஓம் தடையின் வழியே செல்லும்போது, ஓடும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கே. பெரிய சுவிட்சுகளின் தொடுமுனைகள் பெரும்பாலும் வெள்ளியாலானவை. காற்றுப் பட்டு வெள்ளி கறுக்கும். வலிய மின்னோட்டம் அக்கறையைத் துளைத்துச் செல்லும். நம் மெல்லிய மின்னோட்டத்திற்கு அவ்வலிமை இல்லை. ஆகவே சில மாதங்களில் ஒலி விட்டுவிட்டுக் கேட்கலாம். பொன் முலாம் பூசிய முனைகள் கறுப்பதில்லை. ஒலி செல்லும் இடத்திற்கு அவையே ஏற்றவை. ஆனால் மின்சாரத்தை இயக்கி நிறுத்தும் இடத்திலோ வெள்ளியே தக்கது; அங்கே பொன் முலாம் தீய்ந்து போகும்.

நிலைகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஸ்தாயியை மாற்றும் சுவிட்சுக்கு மூன்று நிலைகள் வேண்டும்: மேலே தள்ளினால் ஒரு வோல்ட் கூடும், கீழே தள்ளினால் ஒரு வோல்ட் குறையும், நடுவில் ஏதும் இணையாது. இரண்டு ஒலிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இதே சுவிட்சை வைத்தால், நடுநிலையில் ஒலி அற்றுப்போகும். அங்கே இரண்டு நிலைச் சுவிட்சே போதும். கையால் அழுத்தி ஸ்வரத்தைத் தொடங்கும் பொத்தானுக்கு வேறொரு குணம் உண்டு. அதன் முனைகள் சேரும்போது, ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் துள்ளித் துள்ளித் தொடும். ஒருமுறை அழுத்த, ஸ்வரம் இருமுறை தொடங்கக்கூடும். ஒரு தடையும் ஒரு மின்தேக்கியும் ஷ்மிட் டிரிகர் என்னும் சிறு சுற்றும் சேர்ந்து அத்துள்ளலை அடக்கும்.

அடுத்து மின்தடை. யூரோராக் முறையில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு அரைச்சுரங்கள் உள்ளன. ஆகவே ஓர் அரைச்சுரத்திற்கு உரியது 83 மில்லிவோல்ட்தான். மின்னழுத்தங்களைக் கூட்டும் சுற்றில், ஒரு சதவீதம் வரை பிழையுள்ள இரு தடைகள் எதிரெதிர்ப் பக்கம் பிழைத்தால், மொத்தப் பிழை இரண்டு சதவீதமாகும். ஐந்து வோல்ட்டில் அது 100 மில்லிவோல்ட். அதாவது சுருதி ஓர் அரைச்சுரத்திற்கும் மேலாகப் பிசகிவிடும்! இசையறியாதவர் காதுக்கும் இது எட்டும்.

இதற்காக விலை மிகுந்த தடைகளைத்தான் வாங்க வேண்டுமென்பதில்லை. இங்கே வேண்டுவது இரு தடைகளும் தம்முள் ஒத்திருப்பதே. நான் சாதாரணத் தடைகள் ஐம்பதை ஒன்றாக வாங்கி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து, ஒத்தவற்றை இணை இணையாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறேன். ஒரு மாலைப்பொழுது செலவாகும், பணம் மிஞ்சும். சிறு விளக்கை எரியவைக்கும் தடைக்கு இப்பாடு தேவையில்லை.

மின்தேக்கிக்கும் இதே நீதி. சுருதியை நிர்ணயிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் படல வகை நன்று. மலிவான பீங்கான் வகைகள் பலவற்றின் கொள்திறன், வெப்பம் மாறினாலும் மின்னழுத்தம் மாறினாலும் மாறிவிடும். ஆனால் மின்வழங்கு கம்பியில் இரைச்சலைத் தணிப்பதற்கு அவையே போதுமானவை. திருகு குமிழ்களிலும், ஒலியின் உரப்பை ஆள்வதற்கு மடக்கை வகையையும், சுருதியைத் திருத்துவதற்கு நேர்விகித வகையையும் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் நம் காது உரப்பை விகிதமாகவே உணர்கிறது.

மாணவ நண்பர்களே, கடைக்குச் செல்லுமுன் சுற்றுப்படத்தை மேசைமீது விரியுங்கள். சுருதிக்குரிய மின்னழுத்தம் செல்லும் பாதையைச் சிவப்புப் பென்சிலால் வரையுங்கள். அக்கோட்டில் அமையும் உறுப்புகளுக்கு உங்கள் பணத்தையும் பொறுமையையும் செலவிடுங்கள். மற்றவற்றைச் சிக்கனமாகவே வாங்கலாம். மிகுந்த பணத்தில் அடுத்த பகுதியைச் செய்யத் தொடங்கலாம்.