விலகிய நந்தி

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய தனி வரிசையில் ஊன்றுகோல் இல்லாத ஒருவர் நின்றால், ‘நன்றாகத்தானே நடக்கிறார், இவருக்கு எதற்குச் சலுகை?’ என்னும் குரல் எழுகிறது. அச்சொல்லுக்கு அஞ்சியே தரிசனத்தைத் துறந்தோர் உண்டு.

உடற்குறை எல்லாம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற குருதி நோய்களும் செவித்திறன் குறைவும் அவற்றுள் அடங்கும்.

அடியவருக்கு வழிவிடும் பண்பைக் கற்பிக்கும் தலம், வைத்தீசுவரன்கோயிலை அடுத்த திருப்புன்கூர். உள்ளே செல்லத் தடையிருந்ததால் வாயிலில் நின்று வணங்கிய திருநாளைப்போவார் காணும்பொருட்டு, சிவலோகநாதர் நந்தியை விலகச் செய்தார். இன்றும் அங்கே நந்தி சற்று விலகியே வீற்றிருக்கிறது.

உரிமையைச் சரிபார்ப்பது ஆலய ஊழியர் கடமை. உடன் நிற்பவரை ஐயுறாமல் வழிவிடுவதே நாம் செய்யத்தக்க சிவத்தொண்டு.