எது உடன்வர வேண்டும்?

பணிமாற்றம் பெற்று வேற்று மாநிலத்திற்குச் செல்லும் குடும்பம் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதில்லை. சில பொருள்கள் உடன் செல்லும். மற்றவை சென்ற ஊரில் வாங்கப்படும். எவை உடன் செல்ல வேண்டும் என்பதைச் சிந்தித்தே முடிவு செய்ய வேண்டும். கணினிக்கான இயங்குதளத்தை உருவாக்குவோரும் இத்தகைய முடிவை எடுக்க வேண்டியுள்ளது.

கணினியின் உறுப்புகளை இயக்கி, பிற மென்பொருள்கள் செயல்பட இடமளிப்பது இயங்குதளம் ஆகும். அதனை நிறுவும்போது, பயனர் கேளாமலேயே பல மென்பொருள்கள் சேர்ந்து வருகின்றன. இவை உடன்வரும் மென்பொருள்கள் எனப்படும். இவ்வாறு முதலில் நிறுவப்படுபவை அனைத்தும் சேர்ந்தது அடிப்படைத் தொகுதி. இதனால் நன்மை உண்டு. கணினியை உடனே பயன்படுத்தலாம். ஆயினும் உடன்வரும் மென்பொருளில் குறை இருந்தால், அக்குறையும் எல்லாக் கணினிகளுக்கும் சென்று சேரும்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இவ்வுண்மை வெளிப்பட்டது. அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் செண்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளை எழுதியிருந்தார். அது பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளத்துடன் சேர்ந்தே வந்தது. உருவாக்குநர் சோதித்துப் பார்ப்பதற்காக அதில் அமைந்த வசதி ஒன்று, பல கணினிகளில் அணைக்கப்படாமலேயே இருந்தது. 'மோரிஸ் புழு' எனப் பின்னர் பெயர்பெற்ற தீங்குநிரல், தான் பரவிய வழிகளுள் ஒன்றாக அவ்வசதியைக் கொண்டது. இணையம் மிகச் சிறியதாக இருந்த அக்காலத்திலேயே ஆயிரக்கணக்கான கணினிகள் அதனால் முடங்கின.

பெர்க்லி யூனிக்ஸின் வழியில் 1993ஆம் ஆண்டு தோன்றியது ஃபிரீபிஎஸ்டி என்னும் இயங்குதளம். அதன் அடிப்படைத் தொகுதியை ஒரே குழுவினர் பேணி வருகின்றனர். பயனர் விரும்பிச் சேர்க்கும் மென்பொருள்கள் 'போர்ட்ஸ்' என்னும் வேறொரு தொகுப்பில் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை 30,000க்கும் மேற்பட்டது. அவை 'லோக்கல்' என்னும் தனி அடைவில் நிறுவப்படுவதால், அடிப்படைத் தொகுதியுடன் கலப்பதில்லை.

அடிப்படைத் தொகுதியில் ஒன்றைச் சேர்ப்பது எளிது, பேணுவது அரிது. இயங்குதளத்தின் ஒரு பதிப்பு பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருக்கும். உடன்வரும் மென்பொருளை எழுதியவர்கள் அதற்குள் புதிய பதிப்புக்குச் சென்றுவிடலாம். அப்போது பழைய பதிப்பில் காணப்படும் குறைகளைத் திருத்தும் பொறுப்பு இயங்குதளக் குழுவினர்மீதே விழுகிறது.

ஆதலால் ஃபிரீபிஎஸ்டி குழுவினர் சிலவற்றை வெளியேற்றினர். பெர்ல் என்னும் நிரல்மொழி, 2003இல் வந்த 5.0 பதிப்பில் அடிப்படைத் தொகுதியில் இல்லை. அதனைச் சார்ந்திருந்த உட்கருவிகள் வேறு மொழிகளில் திருத்தி எழுதப்பட்டன. இணையப் பெயர்களுக்கு உரிய எண்முகவரிகளை வழங்கும் பைண்ட், 2014இல் வந்த 10.0 பதிப்பில் நீக்கப்பட்டது. எனினும் இவ்விரண்டையும் வேண்டுவோர் போர்ட்ஸிலிருந்து பெறலாம்.

செண்ட்மெயிலின் நிலை சற்று வேறானது. பெரும்பாலான கணினிகள் தம் நிலையைப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க மட்டுமே அஞ்சல் அனுப்புகின்றன. வெளியிலிருந்து அஞ்சல் பெறுவதில்லை. அதற்குச் சிறிய கருவியே போதும். எனவே 2023இல் வெளிவந்த 14.0 பதிப்பில், டிராகன்ஃபிளை மெயில் ஏஜென்ட் என்னும் சிறிய மென்பொருள் இயல்பான அஞ்சல் கருவியாயிற்று. செண்ட்மெயில் உடனே நீக்கப்படவில்லை. அதனைச் சார்ந்திருப்போர் தொடர்ந்து பயன்படுத்த வாய்ப்பளிக்கப்பட்டது. நீக்குவதற்கும் முறை உண்டு என்பதை இது காட்டுகிறது. யார் பயன்படுத்துகின்றனர் என அறிதல், மாற்று வழி அமைத்தல், முன்னரே அறிவித்தல் ஆகியன அம்முறையின் படிகள்.

கைப்பேசியிலும் பல செயலிகள் உடன்வருகின்றன. அவற்றுள் சிலவற்றை நீக்கலாம். சிலவற்றை முடக்க மட்டுமே இயலும். பயன்படாதவற்றை நீக்குவதும் முடக்குவதும், பயன்படுபவற்றைப் புதுப்பிப்பதும் பயனரின் கடமை. உடன்வரும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். பேண ஆளில்லாத மென்பொருள், பூட்டப்படாத கதவைப் போன்றது.

சொற்பொருள்
பேணுதல் – கவனித்துக் காத்தல்
தீங்குநிரல் – கேடு செய்யும் கணினி நிரல்
அடைவு – கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்

விடை எழுதுக
1. செண்ட்மெயிலில் இருந்த குறை பல கணினிகளைப் பாதித்தது ஏன்?
2. ஒரு மென்பொருளை நீக்குமுன் செய்ய வேண்டியவை யாவை?
3. உம் வீட்டுக் கைப்பேசியில் உடன்வந்த செயலிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் தேவையானவை எவை? காரணம் கூறுக.